காக்டூ வளர்க்க ஆசையா? முதலில் கொஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்

எங்கள் வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்தாலும் யாரும் அடுப்படிக்கு ஓடுவதில்லை. இன்னொன்று வரட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருப்போம், ஏனென்றால் பாதி விசில் பன்னீர் போடுவது. பன்னீர் எங்கள் காக்டூ, கிளி இனத்துப் பறவை. வெள்ளை உடம்பு, கறுப்பு அலகு, மிரண்டால் குடை விரிந்தமாதிரி எழும்பும் கொண்டை. கடைக்காரர்கள் அம்ப்ரெல்லா காக்டூ என்பார்கள், பூர்வீகம் இந்தோனேசியாவில் ஹல்மஹேராவும் அதைச் சுற்றியுள்ள தீவுகளும்.

2023-ல் எங்களிடம் வந்தபோது அதற்கு 4 வயது, நெஞ்சில் ஒரு இறகு கிடையாது, கறிக்கடைக் கோழி மாதிரி வெறும் தோல். முன்பு வளர்த்தவர் கொடுமைக்காரர் இல்லை, உண்மையில் அளவுக்கு மீறிய பாசக்காரர். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்கப் பறவை தோளிலேயே, சாப்பிடுவது தூங்குவது எல்லாம் அவர்மேல். அப்புறம் ஆபீஸ் திறந்தது, அவர் காலை 9 மணிக்குக் கிளம்பினால் இரவு 8 மணிக்குத்தான் திரும்புவார், அந்த 11 மணி நேரத்தில் என்ன செய்வது என்று இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது தன் இறகையே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தது. காக்டூ வளர்ப்பில் கெட்டுப்போகும் கதைகளில் நான் பார்த்தவரை முக்கால்வாசி இதே கதைதான். ஆகவே கீழே நான் எழுதுவதில் முக்கியமானது, அதைத் தனியாக இருக்கப் பழக்குவதுதான்.

முதலில் வாங்கும் விஷயம். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைக்கக்கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "எங்க தாத்தா காலத்துல எல்லா வீட்டிலயும் இருந்துச்சே" என்பது வனத்துறையிடம் எடுபடாது. கிளி ஜோசியர்களையே பிடிக்கிறார்கள். காக்டூ, மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே போன்ற வெளிநாட்டுப் பறவைகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், 2024 பிப்ரவரியில் அதற்குத் தனி விதிகளே வந்துவிட்டன. அம்ப்ரெல்லா அந்தப் பட்டியலின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது, மலுக்கன் காக்டூவும் ஆப்பிரிக்கன் கிரேயும் இன்னும் கடுமையான முதல் இணைப்பில். வாங்கும்போதே விற்பவர் பெயரில் பதிவு இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாற்றித் தருவாரா, காலில் மூடிய ரிங் (குஞ்சாக இருக்கும்போதே மாட்டும், வெட்டில்லாத வளையம்) இருக்கிறதா, அந்த ரிங் நம்பரும் டிஎன்ஏ கார்டில் (ஆணா பெண்ணா என்று பரிசோதித்துத் தரும் அட்டை) உள்ள நம்பரும் ஒன்றா, இவ்வளவையும் பாருங்கள். "பேப்பர்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றால் நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று, ஹேண்ட் ஃபீட் குஞ்சு. சொந்தக் கையால் ஊட்டினால்தான் பாசமாக இருக்கும் என்று சொல்லி, இன்னும் தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை விலை குறைத்துத் தருவார்கள். நம்பாதீர்கள். நான் முதன்முதலில் வாங்கியது அப்படி ஒரு காக்டெய்ல் (காக்கட்டீல் என்ற சின்னக் கிளி) குஞ்சு, கடையில் ஒரு சிரிஞ்சும் கூழ் பாக்கெட்டும் கொடுத்து "வெதுவெதுப்பா குடுங்க" என்றார்கள். வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு? தெர்மாமீட்டர் வைத்து 40 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொடுக்க வேண்டும், சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காமல் அங்கேயே புளித்துவிடும் என்பதெல்லாம் அது 12-ம் நாள் செத்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தானாகத் தின்று பழகிய, செல்ஃப் ஃபீட் பறவையையே வாங்குங்கள். பாசம் எங்கேயும் போய்விடாது.

வாங்குவதற்கு முன் ஆயுளையும் யோசியுங்கள். அமெரிக்காவில் புரூக்ஃபீல்டு மிருகக்காட்சிசாலையில் இருந்த குக்கி என்ற மேஜர் மிட்செல் காக்டூ 2016-ல் தன் 83-வது வயதில் செத்தது. எல்லாம் அவ்வளவு வாழாது, ஆனாலும் பெரிய காக்டூ என்றால் 40 வருடம் என்பது சாதாரணம். சத்தம்? காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தும், 100 டெசிபலைத் தாண்டும், அது வியாதியோ கோபமோ இல்லை, காட்டில் கூட்டத்தைக் கூப்பிடும் பழக்கம். அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை நேரில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் மாடி வீட்டு மாமி முதல் வாரம் யாரையோ அடிக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்.

என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குக் காக்டெய்ல் போதும். அதுவும் காக்டூ குடும்பம்தான், அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. 90 கிராம் எடை, 15 முதல் 20 வருட ஆயுள், கொண்டை உண்டு, விசிலடிக்கும், கடித்தால் தையல் போட வேண்டியதில்லை, சைட்டிஸ் பட்டியலிலும் இல்லை. இதற்கு மேலும் எனக்குப் பெரியதுதான் வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள், கீழே உள்ளதில் பெரும்பகுதி சின்னதற்கும் பொருந்தும்.

கூண்டு வாங்கும்போது சிறகை முழுதாக விரித்துத் திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்ப்ரெல்லாவுக்கு 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழம், 4 அடி உயரம் என்பது குறைந்தபட்சம், கம்பி இடைவெளி ஓர் அங்குலத்துக்குள். ஜிஐ வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை, அடித்த கூண்டு வேண்டாம். காக்டூவுக்கு நாள் முழுக்க எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்தத் துத்தநாகப் பூச்சை உரித்து விழுங்கினால் விஷம் ஏறும். துருப்பிடிக்காத எஃகு சிறப்பு, விலை எட்டவில்லை என்றால் தரமான பவுடர் கோட்டிங். உட்காரும் குச்சி ஒரே தடிமனில் உருண்டையாக இருந்தால் காலில் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் புண் வரும், கொய்யாக் கிளைகளைப் பட்டையோடு வெட்டித் தடித்தும் மெலிந்தும் இரண்டு மூன்று மாட்டுங்கள். பட்டையை உரிப்பதே அதற்கு ஒரு நாள் வேலை. மூங்கிலும் சரி.

பூட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வியன்னாவில் கோஃபின் காக்டூக்களை வைத்து ஒரு ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வெவ்வேறு பூட்டுகள், ஊசி, திருகு, தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் கழற்றி உள்ளே இருந்த முந்திரியை எடுத்துவிட்டன. பன்னீர் எங்கள் கூண்டின் தாழ்ப்பாளை மூன்றாவது நாள் திறந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்: நாக்கால் தாழை மெல்ல மேலே தூக்கி, மேல் அலகால் பிடித்து, ஒரு காலால் கதவை உள்பக்கம் இழுத்து இறுக்கத்தைக் குறைத்து, அப்புறம் தாழைத் தள்ளியது. அவசரமே இல்லை. இப்போது சாவிப் பூட்டு போடுகிறோம், சாவி கூண்டுக்கு எட்டாத ஆணியில் தொங்குகிறது.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்திருந்தால் எந்நேரமும் மிரண்டுகொண்டே இருக்கும். ஆட்கள் நடமாடும் கூடம் நல்ல இடம். அடுப்படியும் அதன் பக்கத்து அறையும் கூடாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். பால்கனியில் விட்டுவிட்டுப் போனால் காகமும் பூனையும் எலியும் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும்.

இனி, தனியாக இருக்கப் பழக்குவது. புதிதாக வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம், லீவு போட்டுவிட்டு நாள் முழுக்கத் தோளில் வைத்துக்கொள்கிறோம். ஆறு மாதம் கழித்து எவ்வளவு நேரம் உங்களால் கொடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் மட்டும் முதல் நாளிலிருந்து கொடுங்கள். காலை அரை மணி, மாலை ஒன்றரை மணி என்றால் அதையே கொடுங்கள். மீதி நேரம் அதற்கு வேலை வேண்டும். காட்டில் இந்தப் பறவை பகலில் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே கழிக்கும், நாம் கிண்ணத்தில் கொட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும், அந்தச் சும்மாதான் கத்தலாகவும் இறகு பிடுங்கலாகவும் மாறுகிறது. ஆகவே சாப்பாட்டை ஒளித்து வையுங்கள். காகிதத்தில் சுருட்டி, அதைச் சிரட்டைக்குள் திணித்து, சிரட்டை வாயைத் தென்னை ஓலையால் அடைத்துத் தொங்கவிடுவேன். முதல் வாரம் திறந்தே வைத்தேன், அடுத்த வாரம் லேசாக மூடினேன், இப்போது ஒரு சிரட்டைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நுங்குக் கூந்தல், சோளத் தோகை, அச்சில்லாத அட்டைப்பெட்டி, கொய்யாக் கட்டை என்று எதைக் கொடுத்தாலும் பொடிப்பொடியாக்கும். பொடியாக்கட்டும், அதற்காகத்தான் கொடுக்கிறோம். கடையில் 800 ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் பொம்மையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அறையை விட்டு வெளியே போய்த் திரும்புவதைப் பயிற்சியாகவே செய்யுங்கள். சிரட்டையைக் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் வெளியே போங்கள், அது அமைதியாக இருக்கும்போதே திரும்பி வந்து ஒரு பாதாம் துண்டு கொடுங்கள். அடுத்து ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம். கத்தினால் உள்ளே ஓடாதீர்கள், "ஏய் சும்மாயிரு" என்று பதிலுக்குக் கத்தவும் வேண்டாம், அதற்கு அதுவும் ஒரு பதில்தான், சந்தோஷமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் முழுக்கப் பேசாமலும் இருக்கக்கூடாது. கூட்டத்தில் வாழும் பறவை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளக் குரல் கொடுக்கும், அது மெதுவாகக் குரல் கொடுத்தால் அடுத்த அறையிலிருந்தே ஒரு விசில் அடித்துவிடுங்கள். எங்களுக்கு இரண்டு ஸ்வர விசில் ஒன்று இருக்கிறது. நாலைந்து மாதத்தில் கத்தல் குறைந்து அந்த விசிலே கூப்பிடும் குரலாகிவிட்டது.

கொஞ்சுவதற்கும் எல்லை உண்டு. தலை, கழுத்து, அவ்வளவுதான். முதுகைத் தடவுவது, சிறகுக்கு அடியில் கை விடுவது, வாலைத் தடவுவது எல்லாம் அதன் உடம்புக்கு இணை சேரும் சமிக்ஞை. அது உங்களைத் துணை என்றே முடிவுகட்டிவிடும், அப்புறம் உங்கள் மனைவியையோ கணவரையோ பக்கத்தில் விடாது, பாய்ந்து கடிக்கும். பெண் பறவை ஓயாமல் முட்டையிடத் தொடங்கும். பெரிய காக்டூக்களில், முக்கியமாக அம்ப்ரெல்லா, மலுக்கன் ஆண்களில், இந்தப் பழக்கத்தோடு சேர்ந்து குதம் வெளியே தள்ளிவரும் பிரச்சினை வருகிறது, அதை அறுவை சிகிச்சை செய்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும். சோபாவுக்கு அடியில், பீரோ இடுக்கில், துணிக்கூடையில் நுழைய விடாதீர்கள், இருட்டான சந்து எல்லாமே அதற்குக் கூடுதான். வாயிலிருந்து வாய்க்கு ஊட்டுவதும் வேண்டாம்.

தூக்கம் 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். நம் வீடுகளில் இதுதான் ரொம்பக் கஷ்டம், இரவு பதினொன்று வரை சீரியல் ஓடும். தனி அறையில் சின்னத் தூங்கும் கூண்டு ஒன்று வைத்து ஏழரை மணிக்கு அங்கே மாற்றிவிடுகிறோம். தூக்கம் கெட்ட காக்டூ மறுநாள் கடிக்கும், கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். காக்டெய்ல் வைத்திருப்பவர்கள் முழு இருட்டாக்காமல் ஒரு சின்ன இரவு விளக்கு போட்டுவையுங்கள், பல்லி ஓடினாலே மிரண்டு கூண்டுக்குள் மோதிக்கொண்டு ரத்தக் காயம் ஆக்கிக்கொள்ளும் சுபாவம் அதற்கு.

சாப்பாடு. சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்ப்பது, பிள்ளைக்கு மூன்று வேளையும் சிப்ஸ் கொடுப்பதுபோல. கொழுப்பு ஏறி ஈரல் கெடும், வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் வாயும் நோய் பிடிக்கும். பாதிக்கு மேல் பெல்லட் (பறவைக்கென்றே கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்), மீதி காய்கறி, கீரை, முளைகட்டிய பயறு, கொஞ்சம் பழம், விதையும் கொட்டையும் பரிசாக மட்டும். முருங்கைக்கீரை, கேரட், பரங்கி, வேகவைத்த சர்க்கரைவள்ளி எல்லாம் நல்லது. மிளகாய் கொடுக்கலாம், நமக்குக் காரத்தை உணர்த்தும் நரம்பு ஏற்பி பறவைகளிடம் மிளகாய்க்கு அசைவதில்லை, பன்னீர் பச்சை மிளகாயைக் காலில் பிடித்துக்கொண்டு நாம் வெள்ளரிக்காய் தின்பதுபோலத் தின்னும். விதையிலிருந்து பெல்லட்டுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள், புதியதை உணவென்றே தெரியாமல் பட்டினி கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, வாரக்கணக்கில் மாற்ற வேண்டும், அந்த நாள்களில் தினமும் காலையில் எடை பாருங்கள். சமையலறையில் வைக்கும் கிராம் தராசு போதும், அதன்மேல் ஒரு குச்சியைப் பொருத்திவிடுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அவகாடோ, சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், உப்பு தூக்கலான நொறுக்குத்தீனி எதுவும் கூடாது. டம்ளரில் அலகை விடும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

அடுப்படி விஷயத்துக்கு வருகிறேன். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து காயவிட்டால் அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்கு வாசம்கூடத் தெரியாது, பறவைக்குச் சில நிமிடத்தில் உயிர் போய்விடும். மூச்சுக்காற்றிலிருந்து பிராணவாயுவை அவ்வளவு திறமையாக உறிஞ்சும் நுரையீரல் அதற்கு, விஷத்தையும் அதே திறமையோடு உறிஞ்சும். பன்னீர் வந்த வாரமே எங்கள் வீட்டு நான்ஸ்டிக் எல்லாம் வெளியே போய் இரும்புக்கல் வந்தது, ஏர் ஃப்ரையர் ஆசையையும் விட்டுவிட்டோம், அதிலும் பெரும்பாலும் அதே பூச்சு. சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுபத்தி, பாடி ஸ்பிரே, பெயின்ட் வாசம் எல்லாமே இந்தக் கணக்குதான், சாமி கும்பிடும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். போகி அன்று விடியற்காலையும் தீபாவளி இரவும் சென்னையில் மனிதனுக்கே மூச்சு முட்டுகிறது, அந்த இரண்டு நாளும் ஜன்னலை மூடி, உள்ளறையில் வைத்து, சத்தத்துக்கு ஃபேனைச் சற்று வேகமாக ஓடவிட்டு உட்கார்ந்திருப்போம்.

ஃபேன் என்றதும் ஞாபகம் வருகிறது. கூண்டுக் கதவைத் திறப்பதற்கு முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நின்றுவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். சிறகு வெட்டிய பறவைதானே என்ற அலட்சியம் வேண்டாம், இறகு முளைப்பது நமக்குத் தெரியாமலே முளைத்துவிடும். மூடாத தண்ணீர் வாளி, அடுப்பில் கொதிக்கும் சாம்பார், திறந்த ஜன்னல், இந்த மூன்றையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

காக்டூ உடம்பிலிருந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தூக்கினால் மைதா மூட்டை தூக்கியவர்போல ஆகிவிடுவீர்கள், ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருக்கிறது. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் காக்டூ, காக்டெய்ல், ஆப்பிரிக்கன் கிரே மூன்றுமே வேண்டாம். மக்காவையும் காக்டூவையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், இந்தத் தூள் மக்காவின் நுரையீரலைக் கெடுக்கும். தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் அடித்துக் குளிப்பாட்டினால் தூளும் அடங்கும், இறகும் நன்றாக இருக்கும். மே மாத வெயிலில் சிறகை உடம்பிலிருந்து விலக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்கும் காற்றுக்கும் கொண்டுபோங்கள்.

கடைசியாக நோய். முடிகிறவரை காட்டிக்கொள்ளாது, காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் பருந்துக்கு இரை. ஆகவே உப்பிக்கொண்டு உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சத்தின் நிறமும் நீரும் மாறுவது, குச்சியை விட்டுக் கூண்டின் தரையில் உட்காருவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம். நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டரும் பறவை பார்ப்பதில்லை, பறவை நன்றாக இருக்கும்போதே யார் பார்ப்பார்கள் என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். நமக்கு வாங்கிய பாராசிட்டமாலையோ ஆன்டிபயாடிக்கையோ நீங்களாகக் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். புதுப் பறவையை வீட்டிலிருக்கும் பழைய பறவைகளோடு உடனே சேர்க்காமல் குறைந்தது ஒரு மாதம் தனி அறை, அதற்குள் அலகு-இறகு நோய்க்கான பிசிஆர் பரிசோதனை. உங்களுக்கே விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், டாக்டரிடம் வீட்டில் கிளி இருக்கிறது என்று சொல்லுங்கள், கிளிகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல் ஒன்று உண்டு, அவராக அதை யோசிக்க வாய்ப்புக் குறைவு.

பன்னீரின் நெஞ்சில் இப்போது பெரும்பாலும் இறகு வந்துவிட்டது, உள்ளங்கை அளவு ஓர் இடத்தில் மட்டும் வரவில்லை, அடிக்கடி பிடுங்கியதில் இறகு முளைக்கும் குழியே கெட்டுவிட்டது, அங்கே இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு இப்போது 47 வயது, எனக்குப் பிறகும் அது இருக்கும் என்பதால் அண்ணன் மகனை இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறேன். 14 வயது அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்து எடை பார்த்து நோட்டில் எழுதுவது அவன் வேலை, 562 கிராம் என்று காட்டினால் 560 என்று எழுதிவிடுகிறான், அதற்குத்தான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.